மஞ்சள் கூரை

அத்தியாயம் பதினொன்று

கல்லடிப் பாலத்தில் வைத்து, 'என்னைக் கட்டிக்கிறீங்களா?' என்று சிவதர்ஷன் கேட்ட கேள்விக்கு, "முதல்ல எங்கட வீட்ட வந்து அம்மாட கையால சாப்பிடுங்க, பொறவு சொல்றன்" என்று பிரஷாந்தி நழுவியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிவதர்ஷனும் மறக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை மத்தியானம் வருவதாக நாள் குறித்துவிட்டான்.

அதே சனிக்கிழமை பின்னேரம்தான் புளியந்தீவில் 'வாவிமகள்' அமைப்பின் பெரிய கூட்டம். அங்கே பிரஷாந்திக்குப் படம் வரைகிற வேலை. சிவதர்ஷனுக்குக் கணக்கெடுக்கிற வேலை. இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததை நினைத்துப் பிரஷாந்தி விடியற்காலையிலிருந்து தேற்றாத்தீவு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, சட்டைக்கு எந்த நிறம் நல்லம்?"

"நீ உடுத்துற சட்டையா, படத்தில கீறுற பொம்பிளைட சட்டையா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் தவமலர். மூன்று வருடமாக மகளின் வேலையைப் பார்த்து அவளுக்கும் பழகிவிட்டது.

பிரஷாந்தியின் வேலை என்னவென்று ஊரில் பாதிப்பேருக்கு இன்னும் விளங்கவில்லை. அமைப்புகள் சேர்த்து வைக்கிற கணக்குகளைப் பார்த்தவுடன் பிடிபடும் படமாக மாற்றுவாள். போன வருடம் பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளின் தொகையை யாரும் உட்காராத வகுப்பறை வாங்குகளாக வரைந்தாள். அந்தப் படம் தொங்கிய இடத்தில், ஒரு தகப்பன் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தானாம். அன்றிலிருந்து, "படம் கீறவும் சம்பளமா?" என்று கேட்பதை அவளுடைய அப்பா யோகராசா நிறுத்திவிட்டார்.

இந்த முறை வரைந்தது வீடுகளை. வாவிமகள் அமைப்பு, பெண்கள் தங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள இலவசமாகச் சட்ட உதவி செய்கிறது. நூறு பெண்களிடம் கேட்டதில் எண்பது பேருக்குச் சொந்த வீடு இருந்தது. நூறு சின்ன வீடுகள் வரைந்து, எண்பதுக்கு மஞ்சள் கூரை போட்டிருந்தாள். வெயிலில் காயப்போட்ட மஞ்சள்போலப் படம் பளிச்சென்றிருந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு முன்பே றுமைஸாவிடமிருந்து அழைப்பு வந்தது. வாவிமகளின் பொறுப்பாளர், காத்தான்குடிக்காரி. வழக்கமாகச் சிரிப்போடுதான் பேச்சைத் தொடங்குவாள். இன்றைக்குச் சிரிப்பில்லை.

"மகள், உன்ட படத்த கொழும்புக்கு அனுப்பினன் தானே. நல்லரத்தினம் சேர் பாத்துட்டாராம்."

வாவிமகளுக்குக் காசு கொடுக்கிற நிறுவனத்தின் அதிகாரி நல்லரத்தினம். இன்றைய கூட்டத்துக்கு வருகிறவரும் அவர்தான்.

"பிடிக்கல்லயா ராத்தா?"

"பிடிச்சிட்டு! அதுதான் கரைச்சல். 'எண்பது பேருக்கு வீடு கிடைச்சாச்சே, உங்கட வேலை முடிஞ்சுது, வாழ்த்துக்கள், அடுத்த வருஷக் காசை வேற மாவட்டத்துக்குக் குடுப்பம்' எண்டு சொல்றார்."

பிரஷாந்தி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனா உறுதி மாத்த வந்து பேர் பதிஞ்சிட்டு நிக்கிற பொம்பிளைகள் எத்தினை பேர்!"

"அதத்தான் நானும் கேக்கன். எண்பது பேருக்கு வீடிருந்தா, இவங்க எல்லாம் எங்கிருந்துகா வாறாங்க? உன்ட படத்தில எங்கயோ பிழைச்சிருக்கு. மூணு மணிக்குள்ள கண்டுபிடி, அல்லாட காவல்."

கணக்கை மறுபடி பார்த்தாள். கூட்டல் சரி. விழுக்காடு சரி. பெயர்கள் சரி. பிழை எங்கே என்று தெரியாமல் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

---

களுவாஞ்சிகுடியில் அச்சடித்த துணிப் பனரை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சிவதர்ஷன் இறங்கினான். பதுளைப் பக்கத்துப் பிள்ளை. வாவிக்கரைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. இந்த வெக்கையிலும் நீளக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

"வாங்க மனே, இரிங்க. அந்தப் பொத்தானக் கழட்டுங்க முதல்ல, பாக்கிற எனக்கு வேர்க்குது" என்றாள் தவமலர்.

இலையில் வாவி நண்டு. சிவதர்ஷன் நண்டைப் பார்த்தான். நண்டும் அவனைப் பார்த்தது. காலை எந்தப் பக்கத்தால் உடைப்பது என்று தெரியாமல், மரியாதையாகச் சோற்றை மட்டும் பிசைந்தான்.

"கடிங்க மனே, அது செத்துட்டு" என்றார் யோகராசா.

பிரஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. கணக்கும் நினைவுக்கு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

தவமலர் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்ல. எருமைத் தயிரை இலையில் ஊற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"எல்லாம் சரிவந்தா, கலியாணத்துக்குப் பொறவு எங்க இருப்பீங்க?"

சிவதர்ஷன் யோசிக்கவே இல்லை. "எங்க வீட்டுக்குத்தாங்கம்மா கூட்டிட்டுப் போவேன். அம்மா தனி ரூம் கூட ரெடி பண்ணிட்டாங்க."

தயிர்ச் சட்டி அந்தரத்தில் நின்றது.

"என்ன?"

"எங்க ஊர்ல பொண்ணுதாங்க மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்…" அவன் குரல் மெல்ல இறங்கியது. எதையோ மிதித்துவிட்டோம் என்று விளங்கியது. எதை மிதித்தோம் என்றுதான் விளங்கவில்லை.

"எங்கட ஊர்ல பெட்டியத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளைதான் வருவார். வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மூத்தவள் மேனுகாவுக்கு அங்கால வளவில கட்டிக் குடுத்தாச்சு. இந்த வீடு இவளுக்கு."

யோகராசா விரலை நக்கிக்கொண்டு சாட்சி சொன்னார். "நான் குருக்கள்மடத்தில இருந்து ஒரு பெட்டியும் ஒரு சைக்கிளும் கொண்டு வந்தன் தம்பி. முப்பது வருசத்துக்கு மேலாச்சு. இன்னும் விருந்தாளிதான். கோபம் வந்தா, 'என்ட வீட்ட விட்டுப் போ' எண்டுவா. போறதுக்கு அந்தச் சைக்கிளும் இப்ப இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சிவதர்ஷனுக்கு உயிர் திரும்பி வந்தது. கணக்கெடுக்கிறவன் புத்தி, ஒரு விஷயம் புதிதாகக் காதில் விழுந்தால், அடுத்த கேள்வி தானாக வரும்.

"அப்போ இந்த வீடு அம்மாவோடதுங்களா?"

"என்டதான். வேற ஆர்ர?"

"உறுதியும் உங்க பேர்லதான் இருக்குங்களா?"

"உறுதி எங்கட அம்மாட பேரில கிடக்கு. அவ கண் மூடிக் கன காலம். அதுக்கென்ன? வீடு என்டதானே."

பிரஷாந்தியின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, திருப்பிச் சொல்லுங்க."

"என்னத்த?"

"வாவிமகள்ல இருந்து ஒரு பிள்ளை வந்து, 'இது ஆர்ர வீடு' எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"என்ட வீடெண்டுதான் சொல்லுவன். இதென்ன கேள்வி?"

அதுதான் பிழை. கூட்டலில் இல்லை, விழுக்காட்டில் இல்லை, கேள்வியில் இருந்தது. 'இது ஆர்ர வீடு?' என்று ஊர்ப் பேச்சில் கேட்டால் ஊர்ப் பெண்கள் ஊர்ப் பதிலைத்தான் சொல்வார்கள். தமிழரானாலென்ன, முஸ்லிம்களானாலென்ன, இந்த வாவியைச் சுற்றி வீடு பெண்ணுக்குத்தான் போகும். எண்பது பேர் பொய் சொல்லவில்லை. ஆனால் உறுதியில் யார் பெயர் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எழுதியவள் பிரஷாந்தி. பிறந்ததிலிருந்து 'அம்மாட வீடு' என்று சொல்லி வளர்ந்தவளுக்கு, அதற்குமேல் ஒன்று கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"நான்தான் பிழை விட்டிருக்கன்" என்றாள்.

"எனக்கும் பங்கு இருக்கு" என்றான் சிவதர்ஷன். "எண்பதுன்னு வந்தப்போ நம்பர் அழகா இருந்துச்சு. அழகா இருந்ததால சந்தேகமே வரல."

கையைக் கழுவிக்கொண்டு றுமைஸாவை அழைத்தாள்.

"ராத்தா, இந்தப் பனரத் தொங்கவிட ஏலா."

"என்னகா சொல்றாய்! மண்டபத்தில ஆணி அடிச்சாச்சு!"

காரணத்தைச் சொன்னாள். றுமைஸா மெதுவாகச் சொன்னாள்: "என்ட வீடும் அப்படித்தான் மகள். எனக்கும் கேள்வி பிழையெண்டு விளங்கல்ல பாத்தியா."

"இண்டைக்குக் கூட்டத்துக்கு எத்தினை பொம்பிளைகள் வாறாங்க?"

"அறுபது பேர் மட்டில."

"நூறு பேர்ட்டயும் திருப்பிக் கேக்க இப்ப நேரமில்ல. வாற அறுபது பேர்ட்டயும் அங்கயே கேப்பம். நல்லரத்தினம் சேர்ட கண்ணுக்கு முன்னால."

"எல்லாக் கூரையும் மஞ்சளாப் போனா?"

"போனா, அவர் சொல்றது சரி. காசக் கொண்டு போகட்டும்."

தவமலர் அதற்குள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்க எங்கம்மா?"

"என்ட வீட்டப் பத்தித்தானே கதைக்கிறீங்க? நானும் வாறன்."

---

யோகராசா வெற்றிலை ஏற்றுகிற தன் ஓட்டோவை எடுத்தார். தாயும் மகளும் வெற்றிலை வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். பனரைக் கட்டிக்கொண்டு சிவதர்ஷன் முன்னால் பறந்தான். ஆரையம்பதியில் ஒரு புத்தகக் கடையில் நிறுத்தி, இருந்த வர்ணக் கட்டிப் பெட்டிகளையெல்லாம் வாங்கினான். "தம்பிக்கு இவ்வளவு பிள்ளைகளா?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

புளியந்தீவு மண்டபத்தில் பனரைப் பின்பக்கம் திருப்பித் தொங்கவிட்டார்கள். அழகான மஞ்சள் வீடுகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றன. இந்தப் பக்கம் வெறும் வெள்ளைச் சீலை.

முன்வரிசையில் நல்லரத்தினம். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, மடியில் கைப்பை. வெள்ளைச் சீலையைப் பார்த்தார். றுமைஸாவைப் பார்த்தார்.

"அச்சடிக்கிற ஆக்கள் ஏமாத்திப்போட்டினமோ?"

"இல்ல சேர். கொஞ்சம் பொறுங்க" என்றாள் றுமைஸா.

பிரஷாந்தி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"எல்லாரும் வந்து ஒரு வேலை செய்யோணும். நீங்க இருக்கிற வீட்ட இதில கீறுங்க. சின்னதாப் போதும்."

மண்டபம் கலகலத்தது.

"எனக்குச் சோறாக்கத்தான் தெரியும் மகள், கீறத் தெரியா!"

"உனக்குச் சோறும் ஆக்கத் தெரியா, வா கீறுவம்!"

தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஏறாவூர் ஆயிஷா உம்மா ஒரு வீடு கீறி, பக்கத்தில் கோழிக்கூடு கீறி, கோழிகளையும் ஒவ்வொன்றாகக் கீறத் தொடங்கினார். "உம்மா, வீடு மட்டும் போதும்" என்றால் கேட்கவில்லை. ஒரு கோழி பாக்கியிருந்தது. வவுணதீவிலிருந்து வந்த ஆச்சிப்பிள்ளை வாசலில் ஒரு மனிதன் நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பதாக வரைந்தாள்.

"இதார்கா?"

"இவர்தான். வீட்டக் கீறச் சொன்னா, இவரக் கீறாம எப்பிடிக் கீறுற? எழும்ப மாட்டாரே."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சீலை நிறைந்துவிட்டது. கோணல் வீடு, குண்டு வீடு, தென்னைமரத்தைவிட உயர்ந்த வீடு. தவமலரும் ஒரு மூலையில் தன் வீட்டைக் கீறினாள். கிணற்றுக்கட்டும் வெற்றிலைத் தோட்டமும்கூட இருந்தன. பிரஷாந்தி இத்தனை வருடத்தில் கணினியில் வரைந்த எந்த வீடும் இவ்வளவு உயிரோடு இருந்ததில்லை.

"இது ஆர்ர வீடு?" என்று ஒலிவாங்கியில் கேட்டாள்.

"எங்கட வீடு!" என்று மண்டபம் அதிர்ந்தது. நல்லரத்தினம் தலையாட்டினார்.

"இப்ப இன்னொண்டு. உறுதி உங்கட பேரில இருக்கிறாக்கள் மட்டும் வாங்க. உம்மாட பேரில, அம்மாட பேரில, புருசன்ட பேரில இருந்தா வேணாம். உங்கட சொந்தப் பேர். அவங்க மட்டும் கூரைக்கு மஞ்சள் அடியுங்க."

சத்தம் தண்ணீர் ஊற்றியதுபோல அடங்கியது.

ஒருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. காத்தான்குடியிலிருந்து வந்த கைறுன்னிஸா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், இரண்டு தரம் அழுத்தி அடித்தாள். இவர்கள் வாவிமகளின் உதவியால் உறுதி மாற்றியவர்கள். ஆயிஷா உம்மா எழவில்லை. ஆச்சிப்பிள்ளை எழவில்லை. மேடையோரம் நின்ற றுமைஸாவும் அசையவில்லை.

தவமலர் எழுந்து போனாள். பழக்கதோஷம். மஞ்சள் கட்டியை எடுத்தாள். தன் வீட்டுக் கூரைக்கு நேரே கையைக் கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது. தவமலர் கட்டியைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அறுபது வீடுகளில் பதினேழு கூரைதான் மஞ்சள்.

நல்லரத்தினம் எழுந்து சீலைக்குக் கிட்டப்போய், விரலால் தொட்டுத் தொட்டுத் தானே எண்ணினார்.

"பிள்ளை, எனக்கு வந்த படத்தில எண்பது வீதம் எண்டெல்லோ கிடந்தது?"

"அது பிழை ஐயா. நான் எழுதின கேள்வி பிழை. வீடு ஆர்ரயெண்டு கேட்டன். உறுதி ஆர்ரயெண்டு கேக்கல்ல."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு ஆயிஷா உம்மாவின் பக்கம் திரும்பினார். "உம்மா, உங்களை ஒருத்தரும் வீட்டை விட்டு எழுப்பேல்லைத்தானே. உறுதி இல்லாமல் என்ன குறை?"

"குறையா? வெள்ளத்தில சுவர் விழுந்திட்டு சேர். உதவிக்கு எழுதப் போனன். வீட்டுக்காரர் ஆரெண்டு கேட்டாங்க. நான்தானெண்டன். பேப்பரக் காட்டெண்டாங்க. பேப்பர்ல எண்ட உம்மா. உம்மாவக் கூட்டிக்கொண்டு வாங்க எண்டாங்க. உம்மா மௌத்தாகி எவ்வளவு காலம்! கபுறடிக்குப் போயா கூட்டிக்கொண்டு வாற?"

பெண்கள் சிரித்தார்கள். நல்லரத்தினம் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து மூடினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"இவ்வளவு வெள்ளைக் கூரையையும் விட்டுட்டு நான் வேற மாவட்டத்துக்குப் போனால், என்னைப் பைத்தியக்காரன் எண்டுவினம். றுமைஸா, அடுத்த வருஷமும் காசு இஞ்சதான். இந்தச் சீலையை மட்டும் சுருட்டித் தாங்கோ, கொழும்பில காட்டவேணும்."

"படம் புடிச்சிட்டுப் போங்க சேர்" என்றாள் றுமைஸா. சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "சீலை எங்கட. வெள்ளைக் கூரை இன்னும் அடிக்கக் கிடக்கு."

எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து மரத்துக் காகங்கள் கோட்டைப் பக்கம் பறந்துபோயின. யாரோ பிரஷாந்தியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். யாரோ பணியாரம் ஊட்டினார்கள்.

வாயில் பணியாரத்தோடு நின்றவளுக்குப் பக்கத்தில் சிவதர்ஷன் வந்தான். விரலெல்லாம் மஞ்சள்.

"சாப்பாடு முடிஞ்சிருச்சு. பதில் இன்னும் வரல."

"நண்ட மிச்சம் வச்சிட்டீங்களே."

"பழகிக்கிறேன்."

பிரஷாந்தி பணியாரத்தை விழுங்கினாள். "ஓம்" என்றாள்.

அவனுக்குக் காது கேட்காததுபோல இருந்தது. "என்ன?"

"ஓம் எண்டன். எங்க இருக்கிறதெண்டு பொறவு சண்டை பிடிப்பம்."

அவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "இஞ்ச வா மனே" என்று தவமலர் மகளைக் கூப்பிட்டாள். உறுதி மாற்றப் பேர் பதிகிற மேசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் சரியில்லை.

"அண்ணனும் கையெழுத்து வைக்கோணுமாம். அம்மாட சொத்தில அவருக்கும் பங்கிருக்காம்."

கொக்கட்டிச்சோலையில் இருக்கும் தம்பிராசா மாமா இவர்களோடு கதைத்து இரண்டு வருடம் ஆகிறது. மேனுகாவின் கலியாணத்துக்கு நேரில் போய் வெற்றிலை வைத்து அழைக்காமல், அழைப்பிதழை ஆள் மூலம் அனுப்பிவிட்டார்கள். தாய்மாமனுக்கு, அதுவும் வெற்றிலைத் தோட்டம் வைத்திருக்கிறவர் வீட்டிலிருந்து! அன்றைக்கு மூடிய வாய்.

"நான் கதைக்கட்டா?" என்றார் யோகராசா.

"நீங்க கதைச்சா இருக்கிற பங்கும் போயிடும்" என்று தவமலர் தானே தொலைபேசியை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் அந்தக் கனத்த குரல் வந்தது.

"ம்."

"அண்ணன், தவமலர் கதைக்கிறன்."

"தெரியும். சொல்லு."

"அம்மாட உறுதிய என்ட பேருக்கு மாத்தோணும். நீங்க ஒரு கையெழுத்து…"

"வைக்கிறன்."

தவமலரின் கண் நிறைந்துவிட்டது. யோகராசா நாற்காலியில் சாய்ந்தார். இவ்வளவு சுலபமா என்று பிரஷாந்தி சிவதர்ஷனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆனா ஒண்டு" என்றது குரல். "இண்டைக்கு மத்தியானம் உன்ட வீட்ட நண்டு தின்னத் தெரியாம முழிச்ச பதுளைப் பொடியன், அவன நாளைக்கு விடிய இஞ்ச அனுப்பு. தனிய."

தொடர்பு அறுந்தது. சிவதர்ஷன் மெதுவாகக் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.